சீஃப் அழித்த வரி

மணி இரண்டு பத்து. நான்கு மணிக்குள் அந்தப் பெண் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால், ஒரு மனிதர் செத்ததற்குத் தான் மட்டுமே காரணம் என்று அவளே ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும்.

காகிதம் மேசை நடுவில் கிடந்தது. பக்கத்தில் பேனா. மூடியைக்கூடக் கழற்றி வைத்திருந்தார்கள். இவ்வளவு உபசாரத்தை நான் கல்யாண வீட்டில்கூடப் பார்த்ததில்லை.

"ரெண்டு பக்கம்தான். நிதானமா படிங்க," என்றார் கம்பெனி வக்கீல். "நாளைக்கு யாரும் நாங்க கட்டாயப்படுத்தினோம்னு சொல்லக் கூடாது பாருங்க. அதனாலதான் துணைக்கு யாரை வேணும்னாலும் கூட்டிட்டு வாங்கன்னு நானே சொன்னேன்."

துணைக்கு அவள் கூட்டி வந்தது எங்களை. என் அண்ணனின் மனைவி, அதாவது என் அண்ணி, துப்பறிவதைத் தொழிலாகச் செய்கிறார். அவருக்கு வண்டி ஓட்டுவது, பை தூக்குவது, வேண்டாத இடத்தில் வாயைத் திறப்பது மூன்றும் என் பொறுப்பு. அண்ணி எங்கள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அங்கே யாரும் பொய் சொல்வதில்லை. சொல்லிப் பார்த்து அலுத்துவிட்டது.

அண்ணி காகிதத்தைத் தொடவில்லை. எதிரே கம்பியில் மாட்டியிருந்த பம்பையே பார்த்துக்கொண்டிருந்தார். சாப்பாட்டு டப்பா அளவு பெட்டி. முகப்பில் எண் பொத்தான்கள். ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவர் நரம்பில் மணிக்கு இவ்வளவு என்று மருந்தை அளந்து செலுத்துகிற யந்திரம். அதற்குள் ஓடும் புரோகிராமை எழுதுவதுதான் இந்தக் கம்பெனியின் தொழில்.

பதினோராம் தேதி, முழங்கால் ஆபரேஷன் முடிந்து படுத்திருந்த ஒரு பஸ் கண்டக்டருக்கு, வலி தெரியாமலிருக்க மணிக்கு அரை மில்லி மருந்து போகட்டும் என்று நர்ஸ் பொத்தானை அழுத்தினாள். சைபர், புள்ளி, ஐந்து. அவசரத்தில் வேகமாக அழுத்தினாள். பம்ப் புள்ளியை விழுங்கிவிட்டது. அரைக்குப் பதில் ஐந்து போனது. கண்டக்டர் தூங்கினார். எழுந்திருக்கவில்லை.

"அந்தத் தப்பை நான் ஒரு மாசம் முன்னாடியே கண்டுபிடிச்சு சரி பண்ணிட்டேன் மேடம்," என்றாள் அந்தப் பெண். முப்பது வயதிருக்கும். அளவுக் கணக்குப் பகுதியை எழுதிய புரோகிராமர். இந்த ஒன்பது நாளில் அவள் எத்தனை மணி நேரம் தூங்கினாள் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. "ஆனா வார்டுல இருந்த பம்பைத் திறந்து பார்த்தா உள்ள பழசுதான் இருக்கு. எப்படின்னு எனக்குப் புரியல. வீட்டுல என் மாமனார் ஒருத்தர்தான் நம்புறார். அவருக்கும் காது கேக்காது."

"சரி பண்ணினதா எழுதி வச்சிருக்காங்க. பண்ணல," என்றார் மேசையின் தலைமாட்டில் இருந்தவர். ஐம்பத்தைந்து வயது, மெதுவான குரல், நிமிடத்துக்கொரு முறை கைக்குட்டையில் விரல்களைத் துடைக்கும் பழக்கம். எல்லோரும் அவரை சீஃப் என்றுதான் கூப்பிட்டார்கள். "ஆள் போனதுக்கப்புறம் அவசரமா திருத்திட்டு தேதியை மாத்தி வச்சிருக்காங்க. உன் நல்லதுக்குத்தான்மா சொல்றேன். கையெழுத்துப் போட்டா வேலையோட போகும். போடலைன்னா போலீஸ், கோர்ட்டு, சின்னக் குழந்தையை வேற வச்சிருக்க."

பயமுறுத்துகிறவர்கள் கத்தினால் எனக்குப் பயம் வராது. இவர் குரலை உயர்த்தவே இல்லை. எனக்கு முதுகு சில்லிட்டது.

"அந்த ஆஸ்பத்திரியில மத்த பம்பெல்லாம்?" அண்ணி முதல் தடவையாக வாயைத் திறந்தார்.

"நிறுத்தி வச்சிருந்தாங்க. சரியான புரோகிராமை நேத்து நானே கட்டி அனுப்பிட்டேன். வார்டுல பதினாலு பம்ப். மூணு மணிக்கு ஏத்தி ஓட விட்டுடுவாங்க," என்றார் சீஃப்.

"நல்லது," என்றார் அண்ணி. "நீங்க கட்டுற இடத்தைப் பார்க்கலாமா?"

நடைபாதையின் கோடியில் இருந்தது அந்த அறை. ஜன்னல் கிடையாது. ஆளை நடுக்கும் ஏசி. இரும்பு அலமாரிக்குள் ஒரு பெரிய மெஷின் விடாமல் உறுமிக்கொண்டிருந்தது. முன்னால் ஒரு திரை, எழுத்துத் தேய்ந்த ஒரு கீபோர்டு, ஒரே ஒரு நாற்காலி. சுவரில் ஒரு போன்.

"ஒரே நாற்காலிதானா? மத்தவங்க?" என்றேன்.

"நிப்போம்," என்றான் உள்ளே நின்றிருந்த ஒருவன். தடித்த கண்ணாடி போட்டிருந்தான். ஆபீஸில் எல்லோருக்கும் அவன் பெயரே கண்ணாடிதான். அந்தப் பெண்ணுக்கு அடுத்த சீட்டுக்காரன். "வெளியில போற எதையும் சீஃப் தவிர யாரும் கட்டக் கூடாது. அது இங்க வழக்கம். அவர் வந்து உக்காந்து கடைசிப் பொத்தானை அழுத்துவார். நாங்க பின்னாடி வரிசையா நிப்போம்."

"கொடி ஏத்தும்போது நிக்கிற மாதிரியா?"

கண்ணாடி சிரிக்கவில்லை. அந்தக் குளிரிலும் அவன் மேலுதட்டில் வேர்வை இருந்தது. அண்ணி அதைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"கட்டுறது, கட்டுறதுங்கறீங்களே," என்றார். "எனக்குப் புரியற மாதிரி சொல்லும்மா."

அந்தப் பெண் சொன்னாள். அளவுக் கணக்குப் பகுதி தனியாக இருக்கிறது. அதற்கு லைப்ரரி என்று பெயர். ("புத்தகம் எடுக்கிற இடம்னு நினைச்சேன்," என்றேன். யாரும் மதிக்கவில்லை.) மனிதர் எழுதியதை மெஷின் தனக்குப் புரியும் வடிவத்துக்கு மாற்றி ஒரு ஃபோல்டரில் வைக்கும். பிறகு பம்ப் புரோகிராமைக் கட்டும்போது, அந்த லைப்ரரியைத் தேடி எடுத்து அதோடு சேர்க்கும். எங்கே தேட வேண்டும் என்பதற்கு ஒரு வரிசை எழுதி வைத்திருப்பார்கள். முதலில் இந்த ஃபோல்டர், பிறகு அந்த ஃபோல்டர் என்று. அதற்குப் பாத் என்று பெயர்.

அண்ணி கொஞ்சம் யோசித்தார். "அதாவது, உப்பு எடுத்துட்டு வான்னு சொன்னா, முதல் அலமாரியில உப்புன்னு எழுதின டப்பா இருந்தா அதையே தூக்கிட்டு வந்துடும். புது உப்பு ரெண்டாவது அலமாரியில இருந்தாலும் அது வரைக்கும் போகாது."

"அதேதான் மேடம். பேர் சரியா இருந்தா போதும். பழசா புதுசான்னு பார்க்காது. தப்புன்னும் சொல்லாது. வெற்றின்னுதான் திரையில காட்டும்."

"எங்க அண்ணன் மாதிரியே இருக்கு," என்றேன்.

"தம்பி," என்றார் அண்ணி. என்னை அடக்க அந்த ஒரு வார்த்தை போதும். "அப்போ இந்த மெஷின்ல அந்தப் பேர்ல எத்தனை டப்பா இருக்கு? தேடிப் பாருங்க."

கண்ணாடிதான் தேடினான். அவன் விரல் இரண்டு முறை தவறியது. திரையில் இரண்டு வரி வந்தது. ஒன்று, இருக்க வேண்டிய ஃபோல்டரில். புதியது. இன்னொன்று பழையது, புள்ளியை விழுங்குகிறது. அது இருந்த ஃபோல்டரின் தலையில் இருந்தது கண்ணாடியின் பெயர்.

எல்லோரும் அவனைத் திரும்பிப் பார்த்தோம். அந்தப் பெண் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"நீயாடா?" என்றாள். "நாலு வருஷமா பக்கத்துல உக்காந்து என் டப்பாவுல சாப்பிட்டவன்."

"இருந்தா என்ன? வரிசையில சேர்க்காத ஃபோல்டரை மெஷின் தொடாது. உனக்கே தெரியும்," என்றான் அவன். குரல் உடைந்தது.

"எதுக்கு வச்சிருக்கீங்க?" என்று அண்ணி கேட்டார்.

அவன் சீஃபைப் பார்த்தான். உடனே தரையைப் பார்த்தான். "மறந்துட்டேன்."

பாதி ஜென்மம் பொய் சொன்னவன் நான். மறந்தவன் முகம் அப்படி இருக்காது.

சீஃப் கைக்குட்டையை மடித்தார். "பார்த்தீங்களா, குப்பையைக் கூட்டி வைக்காத பசங்க. ஆனா அவன் சொல்றது சரி. ஒவ்வொருத்தர் லாகின்லயும் ஒரு சின்ன ஃபைல் இருக்கு. அதுலதான் அந்த வரிசை எழுதியிருக்கும். யாரோடதை வேணும்னாலும் பார்த்துக்குங்க. என்னோடதையும்."

கேட்காமலே அவர் தன்னுடையதையும் நீட்டியது எனக்குப் பிடிக்கவில்லை.

அண்ணி ஒரு காரியம் செய்யச் சொன்னார். அவருக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. ஆனால் ஒரே வேலையை நான்கு பேரைச் செய்ய வைத்துப் பார்க்கத் தெரியும். சாப்பாட்டு டப்பா பம்பை அந்த அறைக்கே தள்ளிக்கொண்டு வந்தோம். மருந்துப் பைக்குப் பதில் தண்ணீர்ப் பை. கீழே ஒரு டம்ளர். ஒவ்வொருவரும் அவரவர் லாகினில் அதே மெஷினில் அதே கட்டளையைத் தட்டிப் புரோகிராமைக் கட்ட வேண்டும். அதைப் பம்பில் ஏற்ற வேண்டும். பிறகு அந்தப் பெண் சைபர், புள்ளி, ஐந்து என்று வேகமாக அழுத்துவாள்.

முதலில் அவளே. ஏழு நிமிடம் ஆனது. வெற்றி என்றது திரை. அவள் மூன்று பொத்தான்களை ஒரே மூச்சில் அழுத்தினாள். சொட்டு. நீண்ட இடைவெளி. இன்னொரு சொட்டு. சரியான அரை.

அடுத்து கண்ணாடி. அதுவும் அரைதான். மூன்றாவதாக எனக்கொரு விருந்தாளி லாகின் கொடுத்து, எந்த எழுத்தை அழுத்த வேண்டும் என்று விரலைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்தார்கள். என் கையில் கட்டியதும் ஒழுங்காகச் சொட்டியது. வாழ்க்கையில் நான் உருப்படியாகக் கட்டிய முதல் பொருள்.

"போதுமா மேடம்?" கதவோரம் நின்ற வக்கீல் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்றைத் தாண்டியிருந்தது. "மெஷின் நல்லா இருக்கு, பாத் நல்லா இருக்கு. அப்போ அன்னைக்குப் போனதுல திருத்தமே இல்லைன்னுதானே அர்த்தம்? உங்க சோதனையே அவங்களுக்கு எதிரா சாட்சி சொல்லுது."

அந்தப் பெண்ணின் கண் நிறைந்தது. அவர் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. நானே நம்பிவிடுவேன் போலிருந்தது.

"மூணு பேர் கையில நல்லா வந்துச்சு," என்றார் அண்ணி. "கண்டக்டருக்குப் போனது இந்த மூணு பேர் கட்டினது இல்லையே. சீஃப், உங்க ஃபைலைக் காட்டறேன்னீங்க."

சீஃப் நாற்காலியில் உட்கார்ந்தார். திரையில் ஒரு கறுப்பு விண்டோ ஏற்கெனவே திறந்திருந்தது. அதில் வெள்ளை எழுத்தில் அவருடைய பழைய கட்டளைகள் வரிசையாக நின்றன.

"இந்த விண்டோவை நான் மூடினதே இல்ல," என்றார் பெருமையாக. "எட்டு மாசம் இருக்கும். வெளியில போன அத்தனையும் இதுலதான் கட்டினது. மெஷினையும் யாரும் அணைக்கக் கூடாதுன்னு உத்தரவு."

ஃபைலைத் திறந்து காட்டினார். பத்துப் பன்னிரண்டு வரி. அந்தப் பெண் குனிந்து இரண்டு முறை படித்தாள். கண்ணாடியின் ஃபோல்டர் அதில் இல்லை. வரிசை சுத்தமாக இருந்தது. அவள் நிமிர்ந்தபோது முகத்தில் ரத்தமே இல்லை.

"ஓரத்துல ஏதோ தேதி இருக்கே?" என்றார் அண்ணி.

"கடைசியா ஃபைலை மாத்தின தேதி."

"பன்னெண்டு. காலையில ஏழு பத்து. பதினொண்ணாம் தேதி ராத்திரி ஒருத்தர் செத்துட்டார்னு போன் வருது. மறுநாள் விடிஞ்சதும் நீங்க இதைத் திறந்து மாத்தியிருக்கீங்க."

சீஃப் சிரித்தார். தயாராக வைத்திருந்த சிரிப்பு. "எழுத்து நிறத்தை மாத்தினேன். வயசாச்சு, வெள்ளை கண்ணைக் குத்துது. பச்சைன்னு போட்டேன். இதோ பாருங்க, அந்த வரி."

இருந்தது. பச்சை என்று ஒரு வரி, கடைசியில். அண்ணி அதைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். காது மடலை மெதுவாக இழுத்துவிட்டுக்கொண்டார். எதிராளி தானாக வலையில் கால் வைத்தால் மட்டும் செய்கிற காரியம் அது. எங்கள் வீட்டில் அதைக் கண்டால் நானும் அண்ணனும் உண்மையை ஒப்புக்கொண்டுவிடுவோம்.

"நீங்களும் ஒரு தடவை கட்டிக் காட்டிடுங்க சார். வழக்கமா பண்ற மாதிரியே. அப்புறம் கையெழுத்து."

"தாராளமா."

அவர் ஒவ்வொரு விரலாகத் துடைத்துக்கொண்டார். அதே கறுப்பு விண்டோவில் கட்டளையைத் தட்டினார். கண்ணாடி பழக்க தோஷத்தில் விறைப்பாக நின்றான். ஏழு நிமிடம் மெஷின் உறுமிக்கொண்டிருந்தது. வெற்றி என்று வந்தது. பம்பில் ஏற்றினார்கள்.

அந்தப் பெண் பொத்தான்களை அழுத்தினாள். சைபர், புள்ளி, ஐந்து.

தண்ணீர் சொட்டவில்லை. ஓடியது. நூல் பிடித்த மாதிரி விடாமல் இறங்கி டம்ளரின் அடியை மூடியது. முகப்பில் ஐந்து என்று எரிந்தது.

அந்த டம்ளரின் இடத்தில் ஒரு மனிதனின் கை இருந்தது என்ற நினைப்பு அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"இல்லையே!" சீஃப் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். "நான் அதை எடுத்துட்டேனே!"

சொன்ன பிறகுதான் சொன்னது அவருக்கே கேட்டது. கைக்குட்டை கீழே விழுந்தது.

"எதை சார்?" என்றார் அண்ணி.

கண்ணாடிதான் பேசினான், சுவரைப் பார்த்துக்கொண்டு. "என் ஃபோல்டரை. போன வருஷம் ஒரு டெமோவுக்கு முன்னாடி லைப்ரரி கிடைக்கலன்னு மெஷின் கத்துச்சு. ஓடிட்டிருக்கிற காப்பி ஒண்ணு குடுன்னார். குடுத்தேன். இன்னைக்கு மட்டும்னு சொல்லி, அவர் வரிசையில என் ஃபோல்டரை முதல்ல போட்டுக்கிட்டார். எடுக்க மறந்துட்டார். கண்டக்டர் செத்தப்போ எனக்குச் சந்தேகம் வந்துச்சு. வாயைத் திறந்தா அந்த ஃபோல்டர்ல இருக்கிற பேரு உன்னோடதுன்னார்."

"ஆனா இப்ப ஃபைல்ல அது இல்லையே?" என்றேன் நான். நிஜமாகவே புரியவில்லை.

"அதான் பச்சை," என்றார் அண்ணி. "ஏன் மாத்தினீங்கன்னு யாராவது கேட்டா சொல்றதுக்காக ஒரு பச்சையைப் போட்டு வச்சார். போட்டு ஒன்பது நாளாச்சு. இந்த விண்டோவுல எழுத்து இன்னும் வெள்ளையாத்தானே இருக்கு? போட்ட பச்சையே இங்க வரலைன்னா, எடுத்த ஃபோல்டர் மட்டும் எப்படிப் போயிருக்கும்?"

அந்தப் பெண் நெற்றியில் அடித்துக்கொண்டாள். "விண்டோவைத் திறக்கும்போது ஒரே ஒரு தடவைதான் அந்த ஃபைலைப் படிக்கும் மேடம். அப்புறம் மூடுற வரைக்கும் மனசுல வச்சிருக்கும். ஃபைல்ல அழிச்சாலும் திறந்த விண்டோவுக்குத் தெரியாது. இவர் மூடவே மாட்டார். புதுசா சேர்ந்த ட்ரெயினிக்குக்கூட இதைச் சொல்லிக்கொடுக்கிறவர் இவர்தான்."

வக்கீல் கையோடு எடுத்து வந்திருந்த காகிதத்தை மடித்துக் கோட்டுக்குள் வைத்தார். எனக்குக் கை தட்ட வேண்டும் போலிருந்தது. ஒன்பது நாள் தூங்காத ஒருத்தி இன்றைக்காவது வீட்டுக்குப் போய்ப் படுப்பாள்.

அவள் படுக்கிற மாதிரித் தெரியவில்லை. திரையில் நின்ற பழைய கட்டளைகளை வெறித்துக்கொண்டிருந்தாள்.

"சார்," என்றாள். "நேத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினதை எந்த விண்டோவுல கட்டினீங்க?"

சீஃபின் கண்கள் அந்தக் கறுப்பு விண்டோவுக்குப் போயின.

மணி மூன்று முப்பத்தைந்து. பதினான்கு பம்பும் ஓட ஆரம்பித்து அரை மணி நேரம் ஆகியிருந்தது.

அவள் சுவர் போனை எடுத்து, ஆஸ்பத்திரிக்கான அவசர லைனை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டாள். இந்த அழைப்பு பதிவு செய்யப்படுகிறது என்று ஒரு பெண் குரல் ஒப்பித்தது. அந்தக் குரலை எந்த ஆபீஸில் யார் காதில் வாங்குகிறார்கள்?

"வார்டு."

"சிஸ்டர், பம்ப் எல்லாத்தையும் உடனே நிறுத்துங்க. நான் புரோகிராமர் பேசறேன், கம்பெனியிலேருந்து."

"எந்தப் புரோகிராமர்?... ஓ." குரல் மாறியது. "இருங்க, பெரிய சிஸ்டரைக் கூப்பிடறேன்." ரிசீவரை மேசைமேல் வைக்கிற சத்தம். செருப்புச் சத்தம் தூரமாகப் போனது.

"சீஃப், அவங்க வந்ததும் நீங்க பேசுங்க," என்றார் அண்ணி. "உங்க வார்த்தையைத்தான் கேப்பாங்க."

"ஒரு வார்த்தை பேசக் கூடாது சார்," வக்கீல் இரண்டே எட்டில் உள்ளே வந்துவிட்டார். "பேசினா செத்தவரும் நம்ம தலையில, இனிமே சாகிறவங்களும் நம்ம தலையில. நான் காப்பாத்த முடியாது."

"நான் வேணும்னா பண்ணினேன்?" சீஃபின் குரல் கெஞ்சியது. "பன்னெண்டாம் தேதி காலையிலதான் பார்த்தேன். பார்த்ததும் அந்த வரியை எடுத்துட்டேன். அப்பவே சொல்லியிருக்கணும். பழியை இந்தப் பொண்ணு மேல போட்டிருக்கக் கூடாது. இப்ப சொன்னா நான் உள்ள போயிடுவேன்."

"சொல்லலைன்னா பதினாலு பேர்," என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். "ஒருவேளை யாரும் வேகமா அழுத்தியிருக்க மாட்டாங்க," என்றார்.

"யாரு பேசறது?" ஸ்பீக்கரில் கனத்த குரல். பெரிய சிஸ்டர்.

அந்தப் பெண் மறுபடி சொன்னாள். புதிதாக வந்ததிலும் அதே தவறு இருக்கிறது, நிறுத்துங்கள்.

"நீயா? உன்னால ஒரு உயிர் போச்சுன்னு உங்க கம்பெனியே கடிதம் போட்டிருக்கு. இப்ப உன் பேச்சைக் கேட்டு பதினாலு பேருக்கு வலி மருந்தை நிறுத்தணுமா? அத்தனை பேரும் துடிப்பாங்க. உங்க சீஃபைப் பேசச் சொல்லு."

அவள் ரிசீவரை சீஃபிடம் நீட்டினாள். அவர் உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொண்டு தலையை ஆட்டினார். வக்கீல் அவர் தோளைப் பிடித்திருந்தார். சத்தம் போடலாம் என்று நான் வாயைத் திறந்தேன். முன்பின் தெரியாத என்னை எவர் நம்புவார்?

அவள் ரிசீவரைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். ஒரு தடவை மூச்சை இழுத்துவிட்டாள்.

"ஆமா சிஸ்டர். நான்தான். கண்டக்டர் செத்தது என்னாலதான். சரி பண்ணிட்டேன்னு பொய் சொன்னேன். நேத்து வந்ததுலயும் அதே தப்பைத்தான் விட்டிருக்கேன். விட்டவளுக்குத் தெரியாதா? என்னை எங்க வேணும்னாலும் பிடிச்சுக் குடுங்க. முதல்ல நிறுத்துங்க."

பெரிய சிஸ்டர் போட்ட சத்தத்தில் ஸ்பீக்கர் கரகரத்தது. ஓடும் கால்கள். ஒவ்வொரு பம்பாக நிறுத்தும் பீப் ஒலி. நான் விரல் விட்டு எண்ணினேன். பதினொன்று, பன்னிரண்டு. அந்தப் பெண் நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"பதினாலும் நிறுத்தியாச்சு." பெரிய சிஸ்டருக்கு மூச்சு வாங்கியது. "ஒன்பதாம் கட்டில்ல அரைதான் போட்டோம். அஞ்சு ஓடிட்டிருந்தது. டாக்டர் பார்த்துட்டிருக்கார்."

வக்கீல் மேசையிலிருந்து கொண்டுவந்திருந்த பேனாவுக்கு மூடி போட்டார். குரலில் திருப்தி. "இனி கையெழுத்து தேவையில்ல. இந்த லைன் பதிவாகுது. அவங்க வாயாலேயே ஒத்துக்கிட்டாங்க."

"அவங்க பேசினது மட்டும்தான் பதிவாகுமா வக்கீல் சார்?" அண்ணி வெகு சாதாரணமாகக் கேட்டார். "இல்ல, சிஸ்டர் வர்ற வரைக்கும் போன் திறந்தபடி இருந்துச்சே, அதுவுமா?"

"எடுத்ததுலேருந்து எல்லாமே பதி..." வக்கீல் நிறுத்திக்கொண்டார். அவர் கை சீஃபின் தோளிலிருந்து தானாக விலகியது.

"சிஸ்டர்," அண்ணி போன் பக்கம் திரும்பினார். "நீங்க வர்றதுக்கு முன்னாடி ரெண்டு நிமிஷம் இங்க பேச்சு நடந்தது. உங்க பதிவுல அதைப் போட்டுக் கேளுங்க. இந்தப் பொண்ணு எந்தத் தப்பும் பண்ணல. உங்களைக் கேக்க வைக்கிறதுக்காகப் பழியைத் தூக்கித் தன் தலையில போட்டுக்கிட்டா."

"போனை வைங்க!" சீஃப் கத்தினார். அன்றைக்கு அவர் குரலை உயர்த்தியது அந்த ஒரே முறை.

"அது சீஃப் குரல்தானே?" என்றார் பெரிய சிஸ்டர். "அங்கதான் இருந்தாரா? நான் கூப்பிட்டப்பவுமா?"

"இருந்தார்," என்றார் அண்ணி.

ஸ்பீக்கரில் வார்டின் சத்தம் மட்டும் கேட்டது. யாரோ ஒருவர் திணறித் திணறி மூச்சு இழுக்கிற சத்தம்.

"ஒன்பதாம் கட்டில்காரர் மக வெளியில நிக்கிறா. அப்பாவுக்கு என்ன ஆச்சுன்னு கேக்கறா. நான் சொல்ல மாட்டேன். அவரை வந்து சொல்லச் சொல்லுங்க."

சீஃப் எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார். யாரும் அவருக்குக் கை கொடுக்கவில்லை. அந்தப் பெண்தான் தரையிலிருந்து எழுந்து, புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டு, போய்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள்.

"வாங்க சார்," என்றாள். "நானும் வரேன்."